மக்காச்சோளப் படைப்புழுவுக்கான புனல் வடிவ இனக்கவர்ச்சிப் பொறி: வயலில் பயன்படுத்திப் பார்த்த மதிப்பீடு

படைப்புழுவின் ஆண் அந்துப்பூச்சிகளை மணத்தால் ஈர்த்துப் பிடிப்பதற்காக, பூச்சிமருந்துக் கடைகளில் 'பெரமோன் டிராப்' என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் புனல் வடிவப் பொறியையும், அதனுள் பொருத்தும் 'லூர்' எனப்படும் சிறிய ரப்பர்க் குமிழையும் பற்றியது இந்த மதிப்பீடு. பெரம்பலூர் வட்டாரத்துக் கரிசல் நிலத்தில், புரட்டாசிப் பட்டத்தில் மானாவாரியாக விதைக்கும் மக்காச்சோளத்தில் இதைப் பல பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பொறியின் உடல் அமைப்பு எல்லா நிறுவனங்களிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், இன்ன பெயருடையதை வாங்குங்கள் என்று சொல்ல இதில் அதிகம் இல்லை. எந்த லூரை, எந்த நிலையில் வாங்குகிறோம், பொறியில் விழும் அந்துகளின் எண்ணிக்கையை எப்படிப் படிக்கிறோம் என்பவற்றில்தான் இப்பொருளின் பயன் முழுவதும் அடங்கியிருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புழுவை ஒழிக்கும் கருவியாக நினைத்து வாங்குபவருக்கு இப்பொறி ஏமாற்றமே தரும், எந்த வாரத்தில் வயலுக்குள் இறங்கிச் செடி செடியாகத் தேட வேண்டும் என்பதை அறிய விரும்புபவருக்கு, இந்த விலையில் இதற்கு நிகரான பொருள் வேறில்லை.

படைப்புழுவின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். 2016இல் ஆப்பிரிக்காவில் தென்பட்ட இப்பூச்சி, 2018 மே மாதத்தில் கர்நாடகத்தின் சிவமொக்காப் பகுதியில் கண்டறியப்பட்டது. அந்த ஆண்டின் பட்டத்திலேயே தமிழ்நாட்டின் மக்காச்சோள மாவட்டங்களும் பெரும் சேதத்தைக் கண்டன. அதுவரை எங்கள் பகுதியில் மக்காச்சோளம் என்றால் விதைத்து, களை எடுத்து, உரம் வைத்துவிட்டு அறுவடைக்குப் போகிற பயிராகவே இருந்தது. படைப்புழு வந்த பிறகு, முளைத்த நாளிலிருந்து பூ வரும்வரை கண்காணிக்க வேண்டிய பயிராக அது மாறிவிட்டது. ஒரு தாய் அந்துப்பூச்சி தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளைக் குவியல் குவியலாக இட வல்லது. முட்டைகள் இரண்டு மூன்று நாட்களிலேயே பொரிந்துவிடுகின்றன. பொரித்த இளம்புழுக்கள் முதலில் இலையின் பச்சையத்தை மட்டும் சுரண்டுவதால் இலையில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். சற்று வளர்ந்ததும் குருத்துக்குள் இறங்கி, மரத்தூள் போன்ற தம் எச்சத்தாலேயே வாயிலை அடைத்துக்கொண்டு உள்ளே தின்னத் தொடங்கிவிடும். அந்நிலைக்குப் பிறகு எவ்வளவு விலையுயர்ந்த மருந்தைத் தெளித்தாலும் பெரும்பகுதி புழுவைச் சென்று சேர்வதில்லை. ஆகவே, அந்துப்பூச்சி வயலுக்கு வருவதற்கும் புழு குருத்துக்குள் மறைவதற்கும் இடைப்பட்ட அந்தச் சில நாட்களைத் தவறவிடாமல் இருப்பதே இப்பயிரின் பூச்சி மேலாண்மையில் பாதி வேலை. பொறி உதவுவது அதற்குத்தான்.

பொறியின் அமைப்பு எளியது. மேலே மழை மறைக்கும் ஒரு வட்ட மூடி, அதன் அடிப்புறத்தில் லூரைச் செருகும் பிடி, கீழே வாய் அகன்ற புனல், புனலின் அடியில் ஒரு நீண்ட பாலித்தீன் பை ஆகியவை இருக்கும். பெண் அந்துப்பூச்சியின் மணத்தை நாடி வரும் ஆண் அந்துப்பூச்சி மூடிக்கும் புனலுக்கும் இடையே சுற்றிக் களைத்துப் புனலுக்குள் விழுந்து, பையில் சிக்கிக்கொள்கிறது. எங்கள் பகுதியில் பொறி ஒன்று நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. நல்ல பிளாஸ்டிக்கால் செய்த மூடியும் புனலும் இரண்டு மூன்று பருவங்கள் உழைக்கின்றன. முதலில் கெடுவது பைதான். வெயிலில் நைந்து, கட்டிய இடத்தில் கிழிந்துவிடும். எனவே வாங்கும்போதே மாற்றுப் பைகளைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. எங்கள் பட்டத்தின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழைக்குள் அமைவதால், பையில் நீர் தேங்கி, விழுந்த பூச்சிகள் அழுகி, எண்ண முடியாத கூழாகிவிடும் தொல்லையும் உண்டு. பையின் அடிமுனையில் ஊசியால் சில துளைகள் இட்டுவிட்டால் இது பெருமளவு குறைகிறது. செய்து அனுப்பும்போதே இத்துளைகளை இட்டு அனுப்ப உற்பத்தியாளர்களுக்கு என்ன தடை என்று எனக்கு விளங்கவில்லை.

இனி லூர். பொறி வெறும் கூடு. வேலை செய்வது லூர். பெண் அந்துப்பூச்சி ஆணை அழைக்க வெளியிடும் மணப்பொருளைச் செயற்கையாகத் தயாரித்து, மிகச் சிறிய அளவில் ரப்பர்க் குமிழில் ஊறவைத்திருக்கிறார்கள். 1959இல் அடால்ஃப் பூட்டனான்ட் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் பட்டுப்பூச்சியிலிருந்து முதன்முதலாக இத்தகைய பொருளைப் பிரித்தெடுத்தபோது, அதற்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் பெண் பூச்சிகள் தேவைப்பட்டன. இன்று அதே வகைப் பொருளை ஒரு சிறு உறையில் சில பத்து ரூபாய்களுக்கு வாங்குகிறோம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பும் மரியாதையும் உண்டாகின்றன. இம்மணம் ஒவ்வோர் இனத்துக்கும் தனியானது என்பதே இதன் சிறப்பு. வாங்குபவர் கவனமாக இருக்க வேண்டிய இடமும் அதுவே.

ஏனென்றால், கடைகளில் நடக்கும் மிகப் பெரிய குழப்பம் இங்கேதான் இருக்கிறது. நிலக்கடலையிலும் பருத்தியிலும் வரும் புரொடீனியா புழுவுக்கான லூர் நெடுங்காலமாக 'ஸ்போடோலூர்' என்ற பெயரில் விற்கப்படுகிறது. மக்காச்சோளப் படைப்புழுவும் அதே பேரினத்தைச் சேர்ந்தது. இரண்டின் அறிவியல் பெயர்களும் ஸ்போடாப்டிரா என்றே தொடங்குகின்றன. ஆனால் புரொடீனியாவின் பெயர் லிட்டுரா என்றும், படைப்புழுவின் பெயர் புரூஜிபெர்டா என்றும் முடிகின்றன. இரண்டின் மணக்கலவையும் வேறு வேறு. கடையில் 'படைப்புழு லூர்' என்று கேட்கும்போது, இருப்பில் உள்ள ஸ்போடோலூரை எடுத்துக் கொடுத்து 'எல்லாம் ஒன்றுதான்' என்று சொல்வது எங்கள் பகுதியில் இன்றும் நடக்கிறது. அந்த லூரை மக்காச்சோளத்தில் வைத்தால் பக்கத்துப் பருத்தியிலிருந்து வரும் புரொடீனியா அந்துகள் விழும். விவசாயியோ 'பூச்சி விழுகிறது, பொறி வேலை செய்கிறது' என்று நம்பிக்கொண்டிருக்க, படைப்புழு அந்துகள் எந்தத் தடயமும் இன்றிச் செடிகளில் முட்டையிட்டுக்கொண்டிருக்கும். பச்சைக் காய்ப்புழுவுக்கான ஹெலிலூரும், பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கான லூரும் இதேபோல் தனித்தனியானவை. ஆகவே உறையின் மீது புரூஜிபெர்டா என்ற பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. ஒரே கையால் பல லூர்களைத் தொட்டுப் பொருத்தினால் ஒன்றின் மணம் மற்றொன்றில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், கையுறை அணிந்தோ, கை படாமல் உறையிலிருந்து நேராகப் பிடிக்குள் தள்ளியோ பொருத்துவதே முறை.

அடுத்தது லூரின் புதுமை. உறையில் முப்பது நாள் அல்லது நாற்பத்தைந்து நாள் வேலை செய்யும் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்தக் கணக்கு உறை பிரிபடாமல் குளிர்ச்சியில் இருந்த லூருக்கே பொருந்தும். மணப்பொருள் ஆவியாகக் கூடியது. வெப்பம் கூடக் கூட விரைவாக வெளியேறும். தகரக் கூரையின் கீழ், வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்கில் தொங்கிய லூரை வாங்கிப் பொறியில் வைத்துவிட்டு, 'பூச்சியே இல்லை' என்று நிம்மதி அடைவதைவிடப் பொறி வைக்காமல் இருப்பதே மேல். வைக்காதவர் குறைந்தது செடியையாவது பார்ப்பார். இந்தப் பொருளில் நான் காணும் மிகக் கடுமையான குறை இதுதான்: லூர் வலுவிழந்துவிட்டதா என்பதை வெளியிலிருந்து பார்த்து அறிய எந்த வழியும் இல்லை. நிறம் மாறுவதில்லை, மணம் நம் மூக்குக்குத் தெரிவதில்லை. பூச்சி விழாததற்குக் காரணம் வயலில் பூச்சி இல்லாததா, லூரில் சரக்கு இல்லாததா என்று பிரித்தறிய, புதிய லூர் ஒன்றைப் பக்கத்துப் பொறியில் வைத்து ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. நான் உறையில் சொல்லும் கெடு முடியும்வரை காத்திருப்பதில்லை. நான்கு வாரம் ஆவதற்குள் மாற்றிவிடுகிறேன். மீதி லூர்களை உறை பிரிக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறேன். பழைய லூரை வயலிலேயே எறிந்துவிட்டால், மிச்சமிருக்கும் மணம் பூச்சிகளைப் பொறியை விட்டு வேறு பக்கம் இழுக்கும் என்பதால், எடுத்து மண்ணில் ஆழமாகப் புதைத்துவிட வேண்டும்.

மத்திய, மாநில வேளாண் துறைகளின் பரிந்துரைப்படி, கண்காணிப்புக்கு ஏக்கருக்கு 5 பொறிகள் போதும். ஓர் ஏக்கருக்கு இவ்வளவு பொறிகளும் ஒரு பருவத்துக்கான லூர்களும் வாங்க ஆகும் செலவு, ஒருமுறை மருந்து வாங்கி ஆள் வைத்துத் தெளிக்க ஆகும் செலவைத் தாண்டியதாக எனக்கு நினைவில்லை. விதை முளைத்தவுடனேயே பொறியை நிறுத்திவிட வேண்டும். இலையில் ஓட்டை கண்ட பிறகு வாங்கி வருவது காலம் கடந்த செயல். பொறியின் வாய் பயிரின் உச்சிக்கு ஓர் அடி மேலே இருக்கும்படி கம்பில் கட்டி, பயிர் வளர வளர உயர்த்திக் கட்ட வேண்டும். மக்காச்சோளம் விரைவாக வளரும் பயிர் ஆதலால், சில வாரம் கவனிக்காமல் விட்டாலே பொறி இலைகளுக்குள் மூழ்கிப்போகும். மூழ்கிய பொறியின் மணம் காற்றில் பரவாது. சாலையோர வரப்பில் ஐந்தையும் வரிசையாக நட்டுவிட்டுப் போவதையும் பல இடங்களில் பார்க்கிறேன். வயலின் உட்புறமும் பரவலாக நடுவதே சரியான கணக்கைத் தரும். பொறி கட்டிய கம்பின் நுனி சற்று நீண்டிருந்தால் இரட்டைவால் குருவி வந்து அமர்ந்து புழுக்களைப் பொறுக்கும். பறவைத் தாங்கிகளை முதல் மாதத்தில் தனியாகவும் நடச் சொல்கிறார்கள். இது செலவில்லாத கூடுதல் பலன்.

விழுந்த பூச்சிகளை எண்ணும் வேலையை யாரும் விரும்பிச் செய்வதில்லை. ஆனால் அதைச் செய்யாதவருக்குப் பொறி எதற்கு? வாரத்துக்கு இருமுறையாவது பையை அவிழ்த்து, விழுந்தவற்றை எண்ணி, தேதியோடு குறித்து, பையைக் காலி செய்ய வேண்டும். படைப்புழுவின் ஆண் அந்துவை முன்னிறக்கையின் நுனியில் உள்ள வெண்ணிறத் திட்டைக் கொண்டும், இறக்கையின் நடுவில் சாய்வாக அமைந்த வெளிறிய நீள்வட்டக் குறியைக் கொண்டும் அடையாளம் காணலாம். தானியப் பயிர்களை உண்ணும் வேறு சில புழுக்களின் அந்துகளும் இந்த லூருக்கு வந்து விழுவதுண்டு. நிறத்தில் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் அவற்றையும் சேர்த்து எண்ணிவிட்டால், தேவையற்ற பதற்றமும் தேவையற்ற மருந்தும் வரும். பொறிக்கு 3 அந்துகள் என்ற அளவை எட்டினால், பூச்சியின் முட்டைக்குள் வளர்ந்து அதை அழிக்கும் முட்டை ஒட்டுண்ணிகளை ஏக்கருக்கு 50,000 என்ற கணக்கில் விடச் சொல்கிறது மத்திய வேளாண் துறையின் வழிகாட்டல். டிரைக்கோகிரம்மா பிரிட்டியோசம், டெலினோமஸ் ரெமஸ் ஆகிய இரண்டு குளவி இனங்களையும் அது பரிந்துரைக்கிறது. பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கோ, இரவுக்குப் பொறிக்கு 8 அந்துகள் வீதம் தொடர்ந்து மூன்று இரவுகள் விழுந்தால்தான் நடவடிக்கை. ஆகவே ஒரு பயிருக்குச் சொன்ன எண்ணை மற்றொரு பயிருக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பொறியில் விழும் எண்ணிக்கை, வயலில் உள்ள சேதத்தின் அளவு அன்று. மருந்து கலந்து விதைநேர்த்தி செய்த விதையைப் போட்டிருந்தால் முதல் பதினைந்து இருபது நாட்கள் செடிக்கு ஓரளவு பாதுகாப்பு இருக்கும். அந்நாட்களில் பொறி நிறைய அந்து விழுந்தாலும் செடி நலமாகவே இருக்கக்கூடும். மாறாக, வேறிடத்தில் இணைசேர்ந்துவிட்ட பெண் அந்துகள் காற்றோடு பறந்து வந்து முட்டையிட்டால், பொறியில் ஒன்றிரண்டே விழுந்திருந்தும் சேதம் கூடலாம். எனவே எண்ணிக்கை ஏறத் தொடங்கியதும் செய்ய வேண்டியது மருந்துக்கடைக்குப் போவதன்று, வயலுக்குள் இறங்குவது. வயலின் ஓரத்தை விட்டுவிட்டு, கோணல்மாணலாக நடந்து, ஐந்து இடங்களில் நின்று, இடத்துக்கு இருபது செடிகளாக நூறு செடிகளின் குருத்தையும் மேலிலைகளையும் பார்த்தால், தாக்கப்பட்ட செடிகளின் எண்ணிக்கையே விழுக்காடாக அமைந்துவிடும். புழு கிடைத்தால் தலையில் தலைகீழான 'ஒய்' வடிவக் குறியும், வாலுக்கு அருகே சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் இருக்கின்றனவா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். இளம்பயிரில் 5 விழுக்காட்டுச் செடிகள் தாக்கப்பட்டிருந்தால் 5 விழுக்காடு வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்பதும், குருத்து நன்கு வளர்ந்த நிலையில் 10 முதல் 20 விழுக்காடு வரை தாக்குதல் இருந்தால் லிட்டருக்கு 0.4 மில்லி குளோரான்ட்ரனிலிபுரோல் அல்லது 0.5 மில்லி ஸ்பைனிடோரம் போன்ற பரிந்துரைக்கப்பட்ட மருந்தைக் குருத்துக்குள் இறங்கும்படி தெளிப்பதும் வழிகாட்டலில் உள்ளவை. பொறியும் இந்த நடையும் சேர்ந்த பிறகு எங்கள் வயலில் மருந்தடிப்பு குறைந்தது. அதைவிட முக்கியமாக, அடித்த மருந்து புழு சிறிதாக இருக்கும் நாளில் விழுந்தது.

ஏக்கருக்கு 15 பொறிகள் வைத்தால் ஆண் அந்துகளைப் பெருமளவில் பிடித்து இனப்பெருக்கத்தைக் குறைக்கலாம் என்ற பரிந்துரையும் உண்டு. என் அனுபவத்தில் சிறு நிலத்துக்காரர் அதற்குச் செலவிடும் பணத்துக்கு ஏற்ற பலன் கிடைப்பதில்லை. ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். ஓரிரவில் பல கிலோமீட்டர் பறக்கும் பூச்சி இது. பக்கத்து வயல்களில் ஒன்றும் செய்யாதிருக்க, நம் ஒரு வயலில் ஆண்களை வடிகட்டுவதால் முட்டைக் குவியல் குறைவதாகத் தெரியவில்லை. ஊரே ஒன்றாகச் சேர்ந்து, ஒரே வாரத்தில் விதைத்து, ஒரே காலத்தில் பொறி வைத்தால் நிலைமை மாறக்கூடும். தனி ஒருவராக அதை எதிர்பார்ப்பது மழைமானியை நட்டுவைத்து மழையை நிறுத்த நினைப்பது போன்றது. உறைகளில் 'புழுவை முற்றிலும் ஒழிக்கும்' என்ற வகையில் அச்சிட்டு விற்பவர்கள் விவசாயிக்குத் தீங்கு செய்கிறார்கள். நம்பி வைத்தவர் ஒரு பருவம் ஏமாந்ததும் பொறியையே பயனற்றது என்று தூக்கி எறிந்துவிடுகிறார். ஒரு நல்ல கருவிக்கு இப்படிக் கெட்ட பெயர் வருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

சூரிய ஒளியில் இயங்கும் விளக்குப் பொறியையும் சிலர் இதற்கு மாற்றாகப் பரிந்துரைக்கிறார்கள். அது பல ஆயிரம் ரூபாய்ப் பொருள். பெண் பூச்சிகளும் விழும் என்பது அதன் சிறப்பு. ஆனால் பல இனங்களும் நன்மை செய்யும் பூச்சிகளும் சேர்ந்து விழுவதால், எதை எண்ணுவது என்று தெரியாத குவியலே காலையில் மிஞ்சும். மஞ்சள் ஒட்டும் அட்டை அசுவினி, வெள்ளை ஈ போன்ற சிறு பூச்சிகளுக்கானது; படைப்புழுவுக்கு அதனால் பயனில்லை. இரண்டையும் ஒரே தொகுப்பாகக் கட்டி மக்காச்சோளத்துக்கென்று விற்பதை ஏற்க வேண்டியதில்லை.

வாங்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் வாங்கிய ஒரு தனியார் கடையில் லூர் உறைகள் கண்ணாடி அலமாரியில் வெயில் படக் கிடந்தன. தயாரிப்புத் தேதி கேட்டபோது விற்பவரிடம் விடை இல்லை. வேறொரு கடையில், கேட்ட பிறகு வரவழைத்துத் தந்தார்கள். சில நாள் காத்திருக்க நேர்ந்தாலும் வந்த உறையில் தேதியும் இனப்பெயரும் தெளிவாக இருந்தன. விதைப்புக்கு முன்பே சொல்லிவைத்துப் பெறுவதே நல்லது. உங்கள் பகுதி வேளாண் உதவி அலுவலரிடமோ வேளாண் அறிவியல் மையத்திலோ கேட்டால், அந்தப் பருவத்தில் மானியத்தில் பொறி கிடைக்குமா என்பதும் தெரிந்துவிடும்.

உற்பத்தியாளர்களிடம் எனக்கு மூன்று கோரிக்கைகள் இருக்கின்றன. லூர் உறையின் மேல் இனப்பெயரைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். தயாரித்த தேதியும் எந்த வெப்பநிலையில் வைக்க வேண்டும் என்பதும் மையால் முத்திரையிட்டது போலன்றி அழியாதபடி இருக்க வேண்டும். அதைவிட வேண்டியது, விழக்கூடிய படைப்புழு அந்தின் படத்தையும் அதனோடு மாறிப்போகும் பிற அந்துகளின் படத்தையும் உண்மை அளவில் அருகருகே அச்சிட்ட ஓர் அட்டை. அதைப் பொறியின் மூடியிலேயே ஒட்டி அனுப்பினால், பையை அவிழ்க்கும் எவரும், பள்ளி விட்டு வந்து வயலில் உதவும் பிள்ளைகள் உட்பட, அங்கேயே ஒப்பிட்டுச் சரியாக எண்ணிவிட முடியும்.